உதவி உண்மையிலேயே உதவியதா? பாலியல் சுரண்டலுக்கு ஆளான பிள்ளைகளுக்கான உளநலச் சேவைகளை மதிப்பிடுவது பற்றி

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. வாரம் ஒருநாள், பள்ளி முடிந்ததும், ஆலோசகரின் அறைக்கு வருகிறாள். முதல் ஆறு வாரமும் குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றவே இல்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். போன் மடியிலேயே இருக்கும். அது அதிர்ந்தால் எழுந்து போய்விடுவாள். ஏழாவது வாரம் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போடுகிறாள். ஆலோசகர் அதைத் தன் குறிப்பில் எழுதி வைக்கிறார். அதே வாரம் அவள் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளைக் கூட்டிப் பார்த்தால், முதல்நாள் இருந்ததைவிட அவள் நிலை மோசமாகியிருக்கிறது.

இவள் விளக்கத்துக்காக நான் உருவாக்கிய பெண். ஆனால் இப்படி ஒரு வாரம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. கோட்டை நம்புவதா, கேள்வித்தாளை நம்புவதா? சேவையை மதிப்பிடுவது என்றால் என்ன என்பதை இந்தக் கேள்வியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

மதிப்பீடு என்றதும் கோப்பு, ஆடிட், அரசுக்கு அனுப்பும் அறிக்கை என்றுதான் பலருக்கும் தோன்றும். அடிபட்ட பிள்ளைக்கு ஒருவர் மனமார உதவும்போது, அதையும் அளந்து பார்க்க வேண்டுமா என்று நல்லவர்களே கேட்பதுண்டு. வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். மருந்து கொடுத்தவர் அன்பானவர் என்பதால் காய்ச்சல் இறங்கிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்வதில்லை, தொட்டுப் பார்க்கிறோம். மனக்காயத்தை அவசரமாகக் கிளறினால் பிள்ளைக்கு அது இன்னொரு காயம். உதவி உதவியதா என்று பார்ப்பதும் அந்தப் பிள்ளை மேல் வைக்கும் அக்கறைதான்.

இந்தக் கட்டுரையில் இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியை அங்கே கொஞ்சம் விரிவாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன் பெருந்தவறுகளும் செய்திருக்கிறார்கள்.

சுரண்டல் என்றால் எது?

இங்கிலாந்து அரசு 2017இல் வெளியிட்ட வரையறையின் சாரம் இது. பதினெட்டு வயதுக்குக் கீழான ஒருவரைத் தன் அதிகாரத்தையோ பலத்தையோ கொண்டு மிரட்டியோ, மயக்கியோ, ஏமாற்றியோ பாலியல் செயலில் ஈடுபடுத்துவது. அதற்கு ஈடாக அந்தப் பிள்ளைக்குத் தேவையான, அல்லது அது ஆசைப்படும் ஏதோ ஒன்று கொடுக்கப்படும். அல்லது சுரண்டுபவருக்குப் பணமோ மதிப்போ கிடைக்கும். பிள்ளை சம்மதித்ததுபோல் தெரிந்தாலும் அது சுரண்டல்தான். நேரில் தொடாமல் இணையம் வழியாக நடந்தாலும் சுரண்டல்தான்.

‘ஏதோ ஒன்று’ என்பது பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருள்கள். காரில் ஒரு சவாரி, சாப்பிட ஏதாவது, ஒரு போன், சிகரெட். சில சமயம் “நீ அழகாக இருக்கிறாய்” என்ற ஒரு வார்த்தையே போதும். வீட்டில் யாரும் கவனிக்காத பிள்ளைக்கு அந்தக் கவனிப்பே பெரிது. அதனால்தான் பல பிள்ளைகள் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே நினைப்பதில்லை. ‘அவன் என் பாய்ஃபிரண்ட்’ என்பார்கள். உதவிக்கு வரும் பிள்ளை ‘எனக்கு உதவியே வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு வரும் சேவை இது. மதிப்பிடும் வேலையில் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ராதரம் என்ற ஊரின் பெயரைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்ததை விசாரித்த பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜே 2014 ஆகஸ்டில் தந்த அறிக்கை, 1997 முதல் 2013 வரை அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் சுரண்டப்பட்டிருக்கிறார்கள் என்றது. அதுவும் குறைத்துப் போட்ட கணக்கு. அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் இன்னொன்று. ‘ரிஸ்கி பிசினஸ்’ என்ற சிறிய இளைஞர் திட்டம் அங்கே 1997இலேயே தொடங்கியிருந்தது. அதன் பணியாளர்கள் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பழகினார்கள். நம்பிக்கை பெற்றார்கள். நடப்பதை மேலே சொல்லவும் செய்தார்கள். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீஸ்காரர்கள் சிலர் அந்தப் பிள்ளைகளை இளக்காரமாகவே பார்த்தார்கள். வேலை செய்தது எது, செய்யாதது எது என்று அன்றைக்கே யாராவது ஒழுங்காகக் கேட்டிருந்தால், அந்தத் திட்டத்தின் குரலுக்கு ஒரு எடை கிடைத்திருக்கும்.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் ‘குழந்தை விபச்சாரம்’ என்ற சொல் 2015 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் அதை எடுத்துவிட்டு ‘பாலியல் சுரண்டல்’ என்று போட்டார்கள். நம் செய்தித்தாள்களில் ‘சீரழிக்கப்பட்ட சிறுமி’ என்ற தலைப்பை இன்றும் பார்க்கிறேன். சீர் அழிந்தது அவளுடையது என்கிறது அந்தச் சொல். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம், ‘உன் மேல் தப்பில்லை’ என்று சொல்லத்தான் ஆலோசகர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

சினிமாவில் வருவதுபோல் பிள்ளை உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில்லை. முதலில் பாதுகாப்பு: இன்றிரவு எங்கே தூங்குவாள், அந்த ஆளிடம் அவள் நம்பர் இன்னும் இருக்கிறதா? அப்புறம் நம்பிக்கை. இதற்கே மாதங்கள் ஆகலாம். அறைக்கு வராத பிள்ளையைக் களப்பணியாளர் காரில் கூட்டிப்போவார். முன்னிருக்கையில் அருகருகே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போகும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால், சில பிள்ளைகளுக்கு அங்கேதான் பேச்சே வரும். களிமண், வண்ணம், பொம்மைகளை வைத்து விளையாட மணல் தட்டு இவையும் உண்டு. நடந்ததைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். சிலருக்கு அது வராமலே போகும், அதிலும் தவறில்லை. கூடவே அம்மாவுக்கோ வளர்ப்புப் பெற்றோருக்கோ தனியாக அமர்வுகள் இருக்கும். வீட்டில் ‘நீ ஏன் போனாய்?’ என்ற கேள்வி ஓயாதவரை அறைக்குள் நடப்பது நிலைக்காது.

சரி, இதை எப்படி அளப்பது?

எளிய வழி, சேரும்போது ஒரு கேள்வித்தாள், முடியும்போது அதே கேள்வித்தாள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு தாளில் 54 வரிகள் உண்டு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே நிரப்புவது. கெட்ட கனவு, பயம், கோபம், மனம் எங்கோ போய்விடுவது என்று ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். இந்தத் தாளில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. சாதாரணமாக எந்தப் பிள்ளைக்கும் எப்போதாவது நடக்கும் விஷயங்களுக்குக்கூட ‘ஒருபோதும் இல்லை’ என்றே ஒரு பிள்ளை குறித்துக்கொண்டு போனால், அதைத் தனியாக எண்ணிச் சொல்லிவிடும். ‘இவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே, மறைக்கிறாளா என்று பார்’ என்று அர்த்தம்.

நம் பெண்ணின் மதிப்பெண் ஏறியதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கலாம். முதல் நாள் முன்பின் தெரியாதவர் நீட்டிய தாளில் எல்லாவற்றுக்கும் 0 போட்டாள். ஏழாவது வாரம் நம்பிக்கை வந்ததால் உண்மையைக் குறித்தாள். இன்னொன்றும் உண்டு. நீண்ட நாள் அடிபட்ட பிள்ளைக்கு உணர்வு மரத்துப்போயிருக்கும். மரத்த கால் உயிர் பெறும்போது குத்துவதுபோல், மனம் உணரத் தொடங்கும்போது வலி தெரியும். ஆகவே ஏறிய மதிப்பெண் கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்காக நல்ல செய்திதான் என்றும் சொல்லிவிட முடியாது. நிஜமாகவே அவள் நிலை மோசமாகியிருக்கலாம், பழைய ஆள் திரும்பி வந்திருக்கலாம். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்பதுதான் இதில் கற்க வேண்டியது.

முன்பும் பின்பும் ஒப்பிடுவதில் வேறொரு பொறியும் உண்டு. பிள்ளைகள் சேவைக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில். வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திரும்பிய மறுநாள், போலீஸ் வந்துபோன மறுநாள். உச்சத்தில் இருக்கும் எதுவும் கொஞ்ச நாளில் தானாகவே சற்று இறங்கும். சளி பிடித்து மூன்றாம் நாள் கஷாயம் குடித்து ஐந்தாம் நாள் சரியானால், கஷாயம்தான் சரிசெய்தது என்று நாம் நம்புவதில்லையா, அதே கதைதான். உதவி கிடைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று தெரியாதவரை, இறக்கத்துக்கு யார் காரணம் என்று சொல்ல முடியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒப்பீட்டுக் குழு. இதில் எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம், என்.எஸ்.பி.சி.சி. என்ற பழைய பிரிட்டிஷ் குழந்தைப் பாதுகாப்பு நிறுவனம் உருவாக்கிய ‘லெட்டிங் த ஃபியூச்சர் இன்’ திட்டம். எதிர்காலத்தை உள்ளே வரவிடுவது என்று பொருள். இது சுரண்டலுக்கு மட்டுமானதில்லை. பாலியல் வன்முறை எந்த வகையில் நடந்திருந்தாலும், 4 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இதைப் பிரிஸ்டல், டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்த பிள்ளைகள் 242 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு உடனே உதவி, மற்றவர்கள் ஆறு மாதம் காத்திருப்புப் பட்டியலில் இருந்துவிட்டு அதன்பின் உதவி.

இதைப் படித்ததும் யாருக்கும் மனம் சுருக்கென்றுதான் இருக்கும். அடிபட்ட பிள்ளையைக் காத்திருக்க வைப்பதா? எனக்கும் இருந்தது. ஆனால் இத்தகைய சேவைகளில் காத்திருப்புப் பட்டியல் ஆய்வுக்காகப் புதிதாக வருவதில்லை. ஆலோசகர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம், யாரோ எப்போதும் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். யார் முதலில் என்பதைக் குலுக்கலுக்கு விட்டால், அந்தக் காத்திருப்பிலிருந்து பின்னால் வரும் பிள்ளைகளுக்கு ஒரு விடை கிடைக்கும். ஆனால் அபாயத்தில் இருக்கும் பிள்ளையைக் குலுக்கலில் போடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிவு என்ன? உடனே உதவி பெற்ற, எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளில் தொடக்கத்தில் 73 சதவீதம் பேர் மிகக் கடுமையான மனப் பாதிப்பில் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது 46 சதவீதமாக இறங்கியது. காத்திருந்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆக, காலம் மட்டும் ஆற்றிவிடவில்லை, உதவி ஏதோ செய்திருக்கிறது. எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் ஆறு மாதத்தில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. ஒரு வருடம் ஆனபோதுதான் முன்னேற்றத்தின் சாயல் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாளை நிரப்புவது பெற்றோர் என்பதையும் மறக்கக் கூடாது. நாம் படிப்பது பிள்ளையின் மனத்தையா, அம்மாவின் கவலையையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இந்த எண்களைத் திருப்பியும் படியுங்கள். ஆறு மாத உதவிக்குப் பிறகும் நூற்றில் 46 பிள்ளைகள் கடுமையான நிலையிலேயே இருந்தார்கள். ‘திட்டம் வெற்றி’ என்று விளம்பரத் துண்டறிக்கை சொல்லும். அந்த 46 பேருக்கு ஆறு மாதம் போதவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

சுரண்டலில் அளவுகோலே ஏமாற்றும்

மேலே சொன்ன முறையை அப்படியே சுரண்டலுக்குப் பொருத்துவது கடினம். வாராவாரம் வரும் பிள்ளையை அளக்கலாம். மூன்று வாரம் வந்து, இரண்டு வாரம் காணாமல் போய், வேறு ஊர் விடுதிக்கு மாற்றப்பட்டு, மறுபடி வரும் பிள்ளையை எந்த நாளில் அளப்பது?

அதனால் சேவைகள் வேறு அடையாளங்களைத் தேடின. மாதத்தில் எத்தனை முறை காணாமல் போனாள் என்பது ஒன்று. எண்ண வசதியானது, போலீஸ் பதிவிலேயே இருக்கும். ஆனால் காணாமல் போவது நின்றதற்குப் பல காரணம் இருக்கலாம். அந்த ஆள் இப்போது போன் கேமரா வழியாகவே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். வளர்ப்பு இல்லத்தில் இருப்பவர்கள் சலித்துப்போய்ப் புகார் கொடுப்பதை நிறுத்தியிருக்கலாம். தொலைதூரப் பூட்டிய இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். காகிதத்தில் அது முழு வெற்றி. பிள்ளையைக் கேட்டால், ‘அவன் தப்புச் செய்தான், என்னை ஏன் அடைத்தீர்கள்?’ என்பாள்.

இன்னொன்று அபாய மதிப்பெண் பட்டியல். பிள்ளையிடம் புது போன் இருக்கிறதா, வயதில் மூத்தவர்களோடு பழகுகிறாளா, பள்ளிக்குப் போகிறாளா என்று குறியிட்டுக் கூட்டுவது. கவன்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இத்தகைய குறிகளின் பின்னணியை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு இதில் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அபாயம் இருப்பது சுரண்டுபவரிடம். அவர் வெளியே நடமாடும்வரை பிள்ளையின் ‘அபாய மதிப்பெண்’ குறையாது. அதை வைத்து ஆலோசகரின் வேலையை அளந்தால், போலீஸ் பிடிக்காத ஆளுக்காக ஆலோசகர் தோற்றவர் ஆகிறார். அதைவிட மோசம், அவனுடைய செயலெல்லாம் அவள் பெயருக்குக் கீழே மதிப்பெண்ணாக ஏறுகிறது.

அப்படியானால் என்னதான் கேட்பது? பிள்ளைகளையே கேட்க வேண்டும். எது மாறினால் உனக்கு நல்லது என்று தொடக்கத்திலேயே கேட்டு, அதையும் ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒருத்திக்கு அது தூக்கம். ஒருத்திக்குத் தங்கச்சியை வாரம் ஒருமுறை பார்ப்பது. ஒரு பையனுக்கு (ஆம், பையன்களும் உண்டு, அவர்களை இந்தச் சேவைகள் இன்னும் குறைவாகவே கண்டுபிடிக்கின்றன) தன் வயதுப் பையன்களோடு பந்து விளையாடப் போவது. இவையும் கேள்வித்தாளும் சேர்ந்தால்தான் படம் தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதை மட்டும் இருந்தால், நல்லபடி பேசிய நான்கு பிள்ளைகளின் வாசகத்தை அட்டையில் போட்டு முடித்துவிடுவார்கள். எண் மட்டும் இருந்தால் கோட்டு கழன்றது யாருக்கும் தெரியாது.

கேட்கும் விதத்தில் எச்சரிக்கை வேண்டும். கேட்பவர் அந்தப் பிள்ளையின் ஆலோசகராக இருக்கக் கூடாது. தனக்கு உதவியவர் முகத்துக்கு நேரே ‘உதவவில்லை’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நடந்த கொடுமையைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை, கேள்வி சேவையைப் பற்றியது. சம்மதத்தை ஒருமுறை கையெழுத்து வாங்கி முடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். இந்தப் பிள்ளைகளின் ‘வேண்டாம்’ என்ற சொல்லை இதுவரை யாரும் மதித்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இது ஏன் முக்கியம் என்று புரியும்.

பரிசுக் கூப்பன் விஷயமும் அப்படித்தான். ஆய்வில் பேசியவர்களுக்கு நேரத்துக்கு ஈடாகக் கூப்பன் தருவது வழக்கம். ஆனால் ‘நீ இதைச் செய், நான் இதைத் தருகிறேன்’ என்ற பேரத்தில்தான் இந்தப் பிள்ளை சிக்கியது. ஆகவே உட்கார்ந்ததும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். ‘இது உன்னுடையது. ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் உன்னுடையதுதான்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வழக்கு நடக்கிறது என்றால் இன்னொரு தடங்கல். ஆலோசனைக் குறிப்புகள் நீதிமன்றத்துக்குப் போகுமோ என்ற பயத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் வழக்கு முடியட்டும் என்று உதவியைத் தள்ளிப்போட்டார்கள். வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். வழக்குக்காக உளநல உதவியைத் தாமதப்படுத்தக் கூடாது என்று இங்கிலாந்து, வேல்ஸ் அரசு வழக்குத் துறையின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் பேராசிரியர் ஜே தலைமையில் பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறை பற்றி நடந்த தேசிய விசாரணை, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறப்பு உளநல உதவி உத்தரவாதமாகக் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடந்தது தெரிந்த நாளிலிருந்து முதல் அமர்வு நடந்த நாள்வரை எத்தனை வாரம் என்பதை ஒரு மதிப்பீடு சொல்லவில்லை என்றால், அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

இனி இப்படி ஓர் அறிக்கை உங்கள் கையில் வந்தால், முதல் பக்கத்துச் சுருக்கத்தைத் தாண்டி உள்ளே ஒரு அட்டவணையைத் தேடுங்கள். எத்தனை பிள்ளைகள் தொடங்கினார்கள், எத்தனை பேரின் கடைசிக் கேள்வித்தாள் கையில் இருக்கிறது என்ற அட்டவணை. அறுபது பேர் தொடங்கி இருபது பேர் முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது பேரின் சராசரியை மட்டும் போட்டு ‘பெரும் முன்னேற்றம்’ என்றால், நின்றுபோன நாற்பது பேர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். நேர்மையான ஆய்வாளர் தொடங்கிய அறுபது பேரையும் கடைசிவரை கணக்கில் வைத்திருப்பார்.

கோட்டு போட்டுக்கொண்டு வந்த நம் பெண்ணுக்கும் அந்த அட்டவணையில் ஒரு வரி உண்டு. ஆலோசனை முடிந்து ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் அவளைக் கூப்பிடுகிறார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பழைய ஆளிடமிருந்து தப்பிக்க அவளே சிம்மை மாற்றியிருக்கலாம். வேறு யாரோ மாற்ற வைத்திருக்கலாம். மதிப்பீட்டாளர் அந்தக் கட்டத்தில் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று தேதியோடு எழுதுகிறார். வரியை நீக்காமல் அப்படியே வைத்துவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார்.